மாரிசெல்வி நட்ட மூன்றாம் பாத்தி

பிப். 10, செவ்வாய்

காலையில் நல்ல பனி. பத்து மணிக்குத்தான் இலை காய்ந்தது. ஈர இலை மினுங்கும், படம் கெடும். அதுவரை வரப்பில் உட்கார்ந்து இட்லி. அம்மா மிளகாய்ப் பொடிக்கு எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டாள். தொண்டை முழுக்க நெடி.

கொண்டுபோனவை: கேமரா, முக்காலி, கறுப்புக் குடை, கறுப்பு வெல்வெட் துணி, சாம்பல் நிற அட்டை, இரண்டு பேட்டரி. மறந்தது: தொப்பி. முகம் இப்போது அப்பளம்.

நான்கு பாத்தி கத்தரி. செடியின் நுனியிலிருந்து நாலாவது இலை. பின்னால் வெல்வெட், பக்கத்தில் அட்டை, மேலே குடை. ஒரு சொடுக்கு. அடுத்த செடி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒவ்வொரு இலையும் எவ்வளவு பச்சை என்று ஓர் எண் வரும். பச்சை எண், சுருக்கமாக ப.எ. தழைச்சத்து குறைந்தால் ப.எ. இறங்கும். இதைத்தான் மூன்று வருஷமாக ஆராய்ச்சி என்று சொல்லித் திரிகிறேன். "போட்டோ எடுக்கதுக்கா டாக்டர் பட்டம் குடுக்காங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

மூன்றாம் பாத்தி மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது. அடியிலை முதலில், பிறகு பைய மேலே. புத்தகத்தில் போட்டிருப்பது அப்படியே. சந்தோஷம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்தான். அந்தப் பாத்திக்கு மட்டும் யூரியா கிடையாது. பட்டினி இலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே சாப்பிட்ட இலையை அளக்க முடியும்.

தோட்டக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு இது தெரியாது. நாலு பைக்கும் காய்ந்த மண் கலந்து, ஒரே நிறமாக்கி, ஒரே எடையில் கட்டி, மேலே எண் மட்டும் எழுதிக் கொடுத்தவள் நான். "நாலும் உரந்தான் அண்ணாச்சி. கலவைதான் வேற வேற. நீங்களா எதுவும் போட்டுராதீங்க." என் வழிகாட்டி சாரின் உத்தரவு. போன வருஷம் வேறோர் ஊரில் உண்மையைச் சொல்லித்தான் செய்தோம். அந்த வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பட்டினிப் பாத்திக்கும் ஒரு கை யூரியாவை வீசிவிட்டார். ஒரு பருவம் போச்சு. இதுவும் போனால் எனக்கு உதவித்தொகை காலம் முடிந்துவிடும். பிறகு டவுணில் ஏதாவது டியூஷன் சென்டர்தான். அண்ணாச்சிக்கு மகசூல் குறைந்தால் ஈடு உண்டு என்று முதலிலேயே பேசியாகிவிட்டது. அவருக்குக் குறையில்லை.

அவர் மனைவி பேச்சியம்மாள் காபி கொண்டுவந்தாள்.

"மூணாவது பாத்தி ஏன் டீச்சர் இப்படி வெளிறிக் கெடக்கு?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டது. "பார்த்துக்கிட்டுதான்க்கா இருக்கேன்."

"அத நட்டது யாரு? அன்னைக்கு நாலு பொம்பளைய ஆளுக்கொரு பாத்தி நட்டாளுவ. யாருக்கு எதுன்னு எனக்கு நெனப்பில்ல."

"மாரிசெல்வி," என்றேன். டக்கென்று. கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"அப்படியா," என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காபியில் சீனி அதிகம்.

பிப். 13, வெள்ளி

வீடு. பகல் முழுக்க கம்ப்யூட்டர். மத்தியானம் கரண்ட் போய், விசிறியும் போய், கண்ணெல்லாம் எரிச்சல். பால்காரர் வரவில்லை. அம்மா கடுங்காப்பியோடு ஒரு பாட்டம் புலம்பினாள்.

மூன்றாம் பாத்தி ப.எ. சரசரவென்று இறங்குகிறது. மற்ற மூன்றும் வரிசையாக, ஏணிப்படி மாதிரி. சாருக்கு வரைபடம் அனுப்பினேன். உடனே போன்.

"அருமையா பட்டினி போட்டிருக்கம்மா. இப்படியே மார்ச் முதல் வாரம் வரைக்கும் கொண்டுபோயிடு. யாரும் கையை வைக்காம பார்த்துக்கோ."

சார் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அண்ணாச்சி ஆசைப்பட்டுக் கேட்டதால் வாராவாரம் நாலு பாத்திப் படத்தையும் அவர் போனுக்கு அனுப்புகிறேன். இன்றும் அனுப்பியாச்சு. பதிலுக்கு ஒரு பூங்கொத்து, ஒரு முருகன்.

பிப். 17, செவ்வாய்

வெயில் ஏறுகிறது. பனி குறைவு. ஒன்பதரைக்கே படம் தொடங்க முடிந்தது.

களை பறிக்க ஆறு பெண்கள். மாரிசெல்வி இல்லை. எப்போதும் அவள்தான் முதல் ஆளாக நிற்பாள். நான் குடையின் கீழே குனிந்து ஒரு இலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் பேச்சு.

"கையி போச்சு அவளுக்கு."

"எப்பயோ போயிருக்கும். நாமதான் கவனிக்கல."

"கீழத்தோட்டத்துல மொளகா நட அவளக் கூப்புடலையாம்லா."

"ஒரு பாத்தி மட்டும் மஞ்சக்குதுன்னா பெறவு வேற என்ன?"

"சவத்த விடுங்கட்டி, டீச்சர் நிக்காவ."

சொடுக்கினேன். அந்தப் படம் தெளிவில்லை. திரும்ப எடுத்தேன்.

நடவு நாள் ஞாபகம் வருகிறது. அண்ணாச்சி முதல் நாற்றை மாரிசெல்வியிடம்தான் கொடுத்தார். "செல்விக்குக் கைராசி. அவ தொட்டு வச்சா ஒண்ணும் பட்டுப்போகாது." அந்தச் சுற்றுவட்டாரத்தில் கத்தரியோ மிளகாயோ யார் நட்டாலும் முதல் நாற்று அவளுடையது. அதற்காகவே அவளைத் தேடி வருவார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு. அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டே கிழக்கே பார்த்து வைத்தாள். நான் அதையும் படம் எடுத்தேன்.

பாத்திக்கு ஒரு ஆள் என்று பிரித்துவிட்டதும் நான்தான். நாலு பேரும் கலந்து நட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். வேலை வெரசா முடியட்டும் என்று விட்டேன். பெயரைக் கேட்டபோது சொன்னதும் நானே.

நிமிர்ந்து, "அந்தப் பாத்திக்கு யூரியா போடல, அதான் மஞ்சள்," என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அண்ணாச்சி யூரியா வீசிவிடுவார். மார்ச் முதல் வாரம் வரைதானே. சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். சீட்டு கிடைக்கவில்லை. ஆழ்வார்திருநகரியிலிருந்து டவுண் வரைக்கும் நின்றபடி.

பிப். 20, வெள்ளி

வானம் மூட்டம். மழை இல்லை. கருவி சரிபார்க்க மட்டும் போனேன். அடுத்த வாரம் போயிருந்தாலும் போதும். மாரிசெல்வியைப் பார்க்கலாம் என்றுதான் போனேன் என்று இங்காவது எழுதிவைக்கிறேன்.

பஸ் நிறுத்தத்திலேயே இருந்தாள். ரேஷன் கடைப் பை.

"யக்கா, எங்கன தூரமா?" என்றாள். எப்போதும் போல.

"தோட்டத்துக்குத்தான். நீ வேலைக்கு வரலியா?"

"கூப்புடலக்கா." ரேஷன் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "நான் நட்டதுல என்ன கோளாறுன்னு நீங்க பாத்துச் சொல்லப்படாதா? வேரு மடங்கிட்டோ? ஆழமா வச்சிட்டனோ? ராத்திரி படுத்தா அதான் ஓடுது. எல்லாத்தையும் ஒண்ணு போலத்தான் வச்சேன்."

"நீ நட்டதுல ஒண்ணும் கோளாறு இல்ல செல்வி."

"பெறவு?"

பிறகு என்று ஒரு வாக்கியம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது.

"மண்ணுல ஏதாச்சும் இருக்கும். ஆராய்ச்சியிலதான் தெரியும்," என்றேன்.

"வெரசா பாருங்கக்கா. பங்குனிக் கொடைக்கு மொளப்பாரி போடணும். அதுக்குள்ள தெரிஞ்சா நல்லாருக்கும்."

அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பெண்கள் சட்டியில் நவதானியம் முளைக்கப் போட்டு எடுப்பார்கள். யார் முளைப்பாரி செழித்து வருகிறதோ அந்த வீட்டுக்கு நல்லது. கை ஆகாதவள் போட்டால் ஊருக்கே ஆகாது என்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

"தெரிஞ்சிரும்," என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. சண்டாளி நான்.

பிப். 24, செவ்வாய்

படம் எடுத்தாயிற்று. மூன்றாம் பாத்தி இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது. செடி குட்டை, பூ குறைவு. ஒரு மஞ்சள் கோடு. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

பம்ப் செட் பக்கம் போய் சாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"கைராசியா? இந்தக் காலத்துலயுமா?"

"ஆமா சார். அந்தப் பொண்ணுக்கு வேலை இல்லாம போயிட்டு. நான் சொல்லிரட்டுமா?"

"இன்னும் ஒரே ஒரு அளவீடுதானம்மா. அது கிடைக்காட்டி முன்னாடி எடுத்ததுக்கு அர்த்தமே இல்ல. ஒரு வாரத்துல யாருக்கு என்ன ஆயிடப் போகுது? அப்புறம் தாராளமா சொல்லு. நானே வந்து சொல்றேன்."

அவர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதி. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே பொய். "சொல்லிரு" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் போன் செய்தேன்.

வீட்டில் கொத்தமல்லித் துவையல். இறங்கவில்லை. அம்மா, "ஏட்டி, யார்கிட்டயாவது சண்டை போட்டியா?" என்றாள். இல்லை என்றேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப். 27, வெள்ளி

திருச்செந்தூர் மாசித் திருவிழா. பஸ் முழுக்கப் பச்சை வேட்டி, பச்சைச் சேலை. விதவிதமான பச்சை. இது ப.எ. கூடுதல், இது குறைச்சல் என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போடுகிறது. கோட்டிதான் பிடித்திருக்கிறது.

தோட்டத்துக்குப் போகவில்லை. ஶ்ரீவைகுண்டத்தில் இறங்கி ஆய்வகத்தில் மண், இலை மாதிரிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அதே பஸ்ஸில் தோட்டத்து ஊர்வரை போக மனசு வரவில்லை.

வாங்க வேண்டியது: பேட்டரி, தலைவலித் தைலம், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

மார்ச் 1, ஞாயிறு

வீடு. வெக்கை. ரத வீதியில் துணிக்கடைக்காரர்கள் வெயிலுக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அத்தை வந்திருந்தாள். அம்மா தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைக்க வேண்டுமாம். ஒரு வாரமாகக் கன்று வாடிக்கொண்டு கிடக்கிறது, தானே வைக்க மாட்டாள். "மதினி, நீங்க வையுங்க. உங்க கைதான் நமக்கு ஆகும்." அத்தை பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தொட்டுக் கும்பிட்டு வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் கன்னுக்கு வேணும்ங்கது தண்ணியும் உரமும்தான்மா. கையில என்ன இருக்கு?" என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னை வினோதமாகப் பார்த்தார்கள். அம்மா பைய சொன்னாள், "ஆமாட்டி, நீ மட்டும் பரிச்சைக்கு அந்தப் பழைய நீலப் பேனாவத் தேடி வீட்டையே தலைகீழாக்கலியா?"

வாயை மூடிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். சத்தம் போட வேண்டிய இடத்தில் போடாமல் இங்கே வந்து போட்டால் யாருக்கு லாபம்.

மார்ச் 3, செவ்வாய்

தெளிந்த வானம். கடைசி அளவீடு. எல்லாப் படமும் சுத்தம். சாயங்காலம் பார்த்தேன், ப.எ.யும் இலையை அரைத்துப் பார்த்த ஆய்வக முடிவும் ஒன்றுக்கொன்று பொருந்தி, கோடு போட்ட மாதிரி. மூன்று வருஷத்தில் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை. அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் நடந்ததை எழுத வேண்டும்.

படம் முடிந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பையில் யூரியாவும் கொண்டுபோனேன், எண் போட்ட பழைய பையிலேயே. அண்ணாச்சி மடை திருப்பிக்கொண்டு நின்றார். பேச்சியம்மாளும் இருந்தாள். சொல்லத் தொடங்கும்போது அவர், "என்ன டீச்சர், அந்த நொண்டிப் பாத்திக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா? ஊரெல்லாம் கேக்கான்," என்றார்.

அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியவை:
ஏமாற்றினாய் என்பார்கள்.
அடுத்த பருவத்துக்கு இந்த ஊரில் யாரும் நிலம் தரமாட்டார்கள்.
சார் பெயர் கெடும்.
செடி பச்சையாகிவிட்டால் அதுவே பேசும், நான் எதற்குப் பேச வேண்டும்.

கடைசியில் சொன்னதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பையை நீட்டினேன். "இத மூணாவது பாத்திக்குப் போட்டுத் தண்ணி பாய்ச்சுங்க அண்ணாச்சி. சரியாயிரும்." என்ன பை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும், மாரிசெல்வி பேரில் உள்ள பழி தன்னால் போய்விடும், யாருக்கும் நஷ்டம் இல்லை. பஸ்ஸில் வரும்போது பெரிய புத்திசாலி மாதிரி இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

அண்ணாச்சி போனில்: "டீச்சர், பைய தெளியுது. குருத்துல பச்ச தெரியுது."

நாலு நாளைக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பாடு. புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். பிறகு அம்மாவோடு டவுணுக்குள் நடந்து, அல்வா வாங்கி, நின்றபடியே தின்றோம். மாரிசெல்விக்கும் கால் கிலோ வாங்கிவைத்தேன். செவ்வாய்க்கிழமை கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மூன்றாம் பாத்தி பச்சை. குட்டையாக இருந்தாலும் நல்ல பச்சை. பேச்சியம்மாள் வரப்பிலேயே எதிர்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளா டீச்சர்? நான் அன்னைக்கே சொன்னம்லா. அவ காலடி படாம மூணு வாரம் இருந்தது. போன புதன்கெழம எங்க நாத்தனாரக் கூட்டியாந்து பாத்தித் தலைமாட்டுல ஒரு நாத்து வைக்கச் சொன்னேன். அவ கை நல்ல கை. வச்சா பாருங்க, மறுநாளு குருத்து தெளிஞ்சிட்டு."

பாத்தியின் தலைமாட்டில் ஒரு புது நாற்று. சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம்.

பேச்சியம்மாள் போனை எடுத்து நீட்டினாள். ஊர்ப் பெண்கள் குழுவில் ஓடுகிற படம். இரண்டு படத்தை ஒட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் மஞ்சள் பாத்தி, வலது பக்கம் பச்சை. கீழே எழுத்து: செல்வி நட்டது, செல்வி ஒதுங்கினது.

"நீங்க அனுப்புன போட்டோதான் டீச்சர். இது அன்னைக்கு எடுத்தது, இது அவுக நேத்து எடுத்தது. எம்புட்டுத் தெளிவா இருக்கு."

ஒரே கோணம். ஒரே வெளிச்சம். அண்ணாச்சிக்கு எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நான்.

அங்கேயே சொன்னேன். எல்லாவற்றையும். பைக்குள் மண் கலந்ததை, மூன்றாம் பைக்கு யூரியா போடாததை, போன வாரம் கொடுத்தது வெறும் யூரியா என்பதை. கேட்டதற்கு மேலே எல்லாம் சொன்னேன். பேச்சியம்மாள் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு நல்ல மனசு டீச்சர்," என்றாள். "அந்தப் பிள்ளை மேல பாவப்பட்டுச் சொல்லுதிய. அதுக்காவ உங்க மேல நீங்களே பழி போடலாமா? படிச்சவிய அப்படிச் செய்வியளா?"

"செஞ்சேன்க்கா. சத்தியமா செஞ்சேன்."

"நாலு பையும் ஒரே கலருல்லா இருந்தது. நாந்தான தூக்கிப் போட்டேன்."

அண்ணாச்சி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் போன பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு வெளங்குது," என்றார். "யூரியா போடாட்டி அப்படித்தான் கெடக்கும். எனக்கே மொதல்ல ஒரு சம்சயம். நீங்க நாலும் உரம்னு சொன்னிய, நம்பிட்டேன்."

"நீங்க ஊருல சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா கேப்பாங்க."

"உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? சாமி காரியத்துல வந்து நிக்கி. மொளப்பாரிக்கு அவள வேண்டாம்னு கமிட்டியில சொல்லியாச்சு. நேத்தே விதை போட்டுட்டாளுவ." மண்வெட்டியைத் தோள் மாற்றினார். "இத ஒரு மாசம் முன்னால சொல்லியிருந்தா ஒரு சிரிப்போட போயிருக்கும் டீச்சர்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறேன். வாலும் கையில் இல்லை.

அல்வாவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா எறும்பு வந்துவிட்டது என்று எடுத்து வெளியே போட்டாள்.

மார்ச் 11, புதன்

காலையிலேயே குரல் செய்தி ஒன்று பேசி அண்ணாச்சிக்கு அனுப்பினேன். என் பெயர், என் படிப்பு, நான் செய்தது, மாரிசெல்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று தடவை பேசி அழித்து நாலாவது தடவை. குழுவில் போடச் சொன்னேன். போட்டார்.

வந்த பதில்களை அவரே எனக்கு அனுப்பினார். கும்பிடுகிற கை, கும்பிடுகிற கை, ஒரு ரோஜா. ஒருத்தி: "டீச்சர் தங்கமான மனசு." இன்னொருத்தி: "இப்படி யாரு இந்தக் காலத்துல அடுத்தவளுக்காவ பேசுதா."

சார் வருவதாகச் சொன்னார். தேர்வுத் தாள் திருத்தும் வேலையாம், அடுத்த மாதம். "நீ சொல்லிட்டல்ல, அது போதும்மா," என்றார். கட்டுரையின் முதல் வரைவைக் கேட்டார்.

மார்ச் 13, வெள்ளி

காற்றே இல்லை. காலை முதல் பஸ்.

மாரிசெல்வி வீட்டுக்கு இதுவரை போனதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காலனி வீடு. வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் தட்டு, இலை, தூள். புதுசாகப் பழகுகிறாள் போலிருக்கிறது, விரல் இன்னும் ஓடவில்லை.

"வாங்கக்கா," என்று பாயை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கொடுக்கும்போது செம்பைக் கீழே வைத்து என் பக்கம் தள்ளினாள். கையில் தரவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை. தன் கைக்கே அவள் பயப்படுகிறாள் என்று புரிந்ததும் எடுத்துக் குடிக்க முடியவில்லை.

"செல்வி, என் செய்தியக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா. பக்கத்து வீட்டுல போட்டாங்க. அழுதுட்டேன். யாரு எனக்காவ இம்புட்டுப் பேசுவா."

"அது உனக்காகப் பேசினது இல்ல. நடந்தது அதுதான். நீ நட்ட பாத்திக்கு நான் யூரியா தரல. தெரிஞ்சேதான் தரல. நட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்புல நீ கேட்டியே, அப்பவும் தெரியும்."

கத்தரிக்கோலால் இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்படட்டும் என்றுதான் போனேன். காறித் துப்பியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"விடுங்கக்கா," என்றாள். "நானும் மொதல்ல நம்பல. பெறவு யோசிச்சுப் பாத்தேன். வீட்டுப் பின்னால ஒரு அவரை வச்சேன், பட்டுப்போச்சு. நம்ம வீட்டு ஆடு ரெண்டு குட்டியில ஒண்ணு தங்கல. எல்லாம் தையிலேருந்துதான். ஒண்ணொண்ணா சேத்துப் பாத்தா சரியா வருது."

"அவரை தண்ணி இல்லாம பட்டிருக்கும்."

"ஊத்துனேன்க்கா. நாந்தான் ஊத்துனேன். அதான்."

என் போனை எடுத்துப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு பாத்தியும், எண்களோடு. இந்த நாளில் இந்த உரம் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னேன். அவள் தட்டை இறக்கிவைத்துவிட்டு அக்கறையாகப் பார்த்தாள். பிறகு அவளே திரையைத் தள்ளினாள். "இது நான் களைக்கு வந்த வாரம், மஞ்சளு. இதுவும் வந்தேன், இன்னும் மஞ்சளு. இதெல்லாம் கூப்புடாம விட்ட வாரம். இந்தா, பச்ச." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க போட்டோ பொய் சொல்லாதுல்லாக்கா?"

போனைப் பைக்குள் வைத்தேன்.

கடைசியாக ஒரு யோசனை. வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனதுதான். "செல்வி, அடுத்த வாரம் புதுசா ரெண்டு பாத்தி போடுவோம். அண்ணாச்சிகிட்ட நான் கேக்கேன். ரெண்டையும் நீயே நடு. ஒண்ணுக்கு யூரியா போடுவோம், ஒண்ணுக்கு வேண்டாம். எல்லார் முன்னாலயும். எது பச்சையாகுதுன்னு ஊரே பாக்கட்டும்."

நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்றுப் பிடிக்கிற ஆசை அவள் முகத்தில் வந்ததைப் பார்த்தேன். நிச்சயமாகப் பார்த்தேன்.

"இதுவும் உங்க படிப்புக்குத்தானக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உனக்காக என்றால் வேண்டாம் என்பாள், எனக்கு உதவி என்றால் மறுக்கமாட்டாள் என்று ஒரு கணக்கு. இத்தனைக்குப் பிறகும் எனக்குக் கணக்குதான்.

"ஆமா," என்றேன். "படிப்புக்குத்தான்."

"அப்பம் வேண்டாம்க்கா." தட்டை மறுபடியும் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "நீங்க மூணு வருசமா வெயில்ல கெடந்து கஷ்டப்படுதிய. என் கை பட்டு உங்க படிப்பு கெட்டுறப்படாது."

கெடவில்லை. படிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.